ஆறு வினாடியும் ஆறு நிமிடமும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. பதம் பார்க்க ஒரு சோறு போதும். ஆனால், பசியாற ஒரு சோறு போதுமா? போதாதன்றோ? இசைத் துறையிலும் இந்த வேறுபாடு உண்டு. கேட்டவுடன் தலையசைக்க வைக்கும் சிறிய தாளத் துணுக்கு ஒன்றை அமைப்பது ஒரு திறமை. அத்துணுக்கிலிருந்து தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உடைய முழு உருப்படி ஒன்றை ஆக்குவது மற்றொரு திறமை. முன்னது பலருக்குக் கைவருகிறது. பின்னது சிலருக்கே கைகூடுகிறது. அந்த இரண்டாவது திறமையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக நான் கொள்வது, 1990ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இங்கிலாந்தில், சிறப்பாக லண்டன் மாநகரில் உருவான 'ஜங்கிள்' என்னும் இசை. சில ஆண்டுகளுக்குள் அது 'டிரம் அண்ட் பேஸ்' என்ற பெயராலும் வழங்கலாயிற்று.

ஜங்கிள் என்றதும் காட்டுக் கூச்சல் போலும் என்று எண்ணிவிட வேண்டா. கணக்கும் ஒழுங்கும் நிறைந்த இசை அது. நிமிடத்துக்கு 160 முதல் 175 தட்டுகள் வரை விரைந்தோடும் டிரம் ஓசை ஒருபுறம். அதில் பாதி வேகத்தில் நகர்ந்து நெஞ்சுக்கூட்டை அதிரச் செய்யும் 'பேஸ்' என்னும் அடிநாதம் மறுபுறம். ஓடும் குதிரையின்மேல் அசையாது அமர்ந்திருக்கும் வீரனைப்போல, விரைவின்மீது நிதானம் ஏறி வருவதே இவ்விசையின் அழகு.

இந்த டிரம் ஓசையை அக்காலத்து இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் புதிதாக வாசித்துப் பதிவு செய்யவில்லை. பழைய அமெரிக்க இசைத்தட்டுகள் சிலவற்றில் பாட்டும் பிற கருவிகளும் ஓய்ந்து, டிரம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில வினாடிகள் உண்டு. அதற்குப் 'பிரேக்' என்று பெயர். அதனை வெட்டி எடுத்து, முடிவும் தொடக்கமும் ஒட்டுமாறு திரும்பத் திரும்பச் சுழல விட்டால் அது 'லூப்' ஆகிறது. இவ்வாறு எடுக்கப்பட்டவற்றுள் தலைசிறந்தது, வாஷிங்டன் நகரைச் சேர்ந்த 'வின்ஸ்டன்ஸ்' குழுவினர் 1969இல் வெளியிட்ட 'ஆமென், பிரதர்' என்ற தட்டில் உள்ளது. அக்குழுவின் டிரம் கலைஞர் கிரிகரி கோல்மன் வாசித்த நான்கே நான்கு ஆவர்த்தனங்கள் அவை. ஆவர்த்தனம் என்று நான் இங்கே சொல்வது நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்று. மேலைநாட்டார் அதனைப் 'பார்' என்பர். கோல்மன் வாசித்த வேகத்தில் அந்த நான்கும் ஏறத்தாழ 7 வினாடி ஓடும். ஜங்கிள் இசையினர் 160 தட்டு வேகத்துக்கு அதனை முடுக்கியபோது சரியாக 6 வினாடி ஆயிற்று.

அந்த 6 வினாடிக்குள் என்னதான் இருக்கிறது? சற்றுக் கூர்ந்து கேளுங்கள். முதல் ஆவர்த்தனத்தில் கோல்மன் ஒரு நடையைக் காட்டுகிறார். இரண்டாம் ஆவர்த்தனத்தில் அதே நடையை மாற்றமின்றித் திரும்ப வாசிக்கிறார். 'இனி இப்படித்தான் வரும்' என்று நம் செவி நம்பத் தொடங்குகிறது. மூன்றாவதில், எதிர்பார்த்த இடத்தில் விழ வேண்டிய ஓர் அடியைச் சற்றுத் தாமதமாக விழச் செய்கிறார். நம்பிக்கை சிறிது அசைகிறது. நான்காவதிலோ, முதல் தட்டையே வெற்றிடமாக விட்டுவிடுகிறார்! கால் வைக்க நினைத்த இடத்தில் படி இல்லை. அந்த வெற்றிடத்தைத் தொடர்ந்து சில எதிரடிகளும், எதிர்பாராத இடத்தில் ஒரு தாளத்தட்டின் முழக்கமும் வந்து நம்மை மீண்டும் தொடக்கத்தில் கொண்டு சேர்க்கின்றன.

காட்டுதல், உறுதிப்படுத்தல், அசைத்தல், வெற்றிடம் விடுதல் — இந்நான்குமே ஓர் உருப்படியை அமைக்கும் கலையின் சாரம் என்பது என் கருத்து. 6 வினாடித் துணுக்கை 6 நிமிட உருப்படியாக்க வேறு மந்திரம் எதுவும் தேவையில்லை. கோல்மன் நான்கு ஆவர்த்தனங்களில் செய்ததை 16 ஆவர்த்தனங்களில் செய்யுங்கள். பிறகு 64இல் செய்யுங்கள். 16 ஆவர்த்தனங்களை நந்நான்காகப் பிரித்தால் நான்கு பகுதிகள் கிடைக்கும். முதற்பகுதி காட்டட்டும், இரண்டாம் பகுதி உறுதிப்படுத்தட்டும், மூன்றாம் பகுதியில் ஏதேனும் ஒன்று இடம் மாறட்டும், நான்காம் பகுதியின் இறுதியில் ஒரு கணம் டிரம் ஓசை நின்றுபோகட்டும். விதைக்குள் மரம் அடங்கியிருப்பதுபோல, துணுக்குக்குள்ளேயே முழு உருப்படியின் வடிவம் அடங்கியிருக்கிறது.

இதனை அக்காலத்தவர் எக்கருவிகளைக் கொண்டு செய்தனர் என்பதும் அறியத் தக்கது. ஓசையைப் பதிந்து வைத்து, விசையைத் தொட்டதும் ஒலிக்கும் 'சாம்ப்ளர்' என்னும் பொறியும், எளிய அட்டாரி கணினியுமே அவர்களுள் பலருக்கு மூலதனம். ஜப்பானிய நிறுவனமான அக்காய் செய்த எஸ் 950 என்ற சாம்ப்ளரின் நினைவகம், முழுதும் விரிவாக்கிய பிறகும், 2.25 மெகாபைட்டுக்கு மேல் இல்லை. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிட மிகுதியான இடம் கொள்ளும். அந்தச் சிறிய இடத்துக்குள் அவர்கள் கோல்மனின் வாசிப்பை ஒவ்வோர் அடியாக வெட்டினார்கள். காலால் மிதிக்கும் பெரிய டிரம் ஒரு துண்டு. 'ஸ்நேர்' என்னும் சுரீரென்ற அடி ஒரு துண்டு. அடிகளுக்கிடையே மெல்ல ஒலிக்கும் நுண்ணடிகள் சில துண்டுகள். பிறகு அவற்றை மாற்றி மாற்றிக் கோத்தார்கள். ஒரு ஸ்நேர் அடியை அடுக்கடுக்காகப் பொழிய விட்டார்கள். ஓசையைப் பின்னோக்கி ஓடவிட்டார்கள். வாசித்தவர் ஒருவரே, ஆனால் அவர் வாசிக்காத நூறு நடைகள் அதிலிருந்து பிறந்தன.

அடிநாதத்துக்கு வேறொரு பிறப்பிடம் உண்டு. அது ஜமைக்கா. 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் வந்தது முதல், கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர்கள் தங்கள் இசை மரபையும், பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி விருந்து நடத்தும் வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். 1970ஆம் ஆண்டுகளில் கிங்ஸ்டன் நகரத்தில் கிங் டப்பி என்னும் ஒலிப்பொறியாளர் புதுமை ஒன்றைச் செய்தார். பதிவாகிவிட்ட ஒரு பாட்டை எடுத்து, அதிலிருந்து குரலை நீக்குவார். திடீரென்று டிரம்மை நீக்குவார். பேஸ் மட்டும் தனியே நடந்து வரும். மீண்டும் எல்லாம் வந்து கூடும். இக்கலைக்கு 'டப்' என்று பெயர். இதில் சேர்ப்பதைவிட நீக்குவதே பெரிதும் கலையாகிறது. ஆக, ஜங்கிள் இசைக்குத் தாயும் தந்தையும் போன்ற இருவரும் ஒரே பாடத்தையே கற்பித்தனர். முதல் தட்டை விட்டுவிட்டு வாசித்தார் கோல்மன். குரலையும் கருவியையும் நீக்கி இசைத்தார் கிங் டப்பி.

இனி 6 நிமிட உருப்படியின் கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 160 தட்டு எனக் கொண்டால் ஓர் ஆவர்த்தனம் ஒன்றரை வினாடி. 6 நிமிடத்துக்கு 240 ஆவர்த்தனங்கள். 16 ஆவர்த்தனங்களை ஒரு கட்டமாகக் கொண்டால் மொத்தம் 15 கட்டங்கள். ஒரு தாளில் 15 கட்டங்களை வரைந்துகொள்ளுங்கள். முதல் 2 கட்டங்கள் முன்னுரை. இதில் டிரம்மும், தொலைவில் ஒலிப்பது போன்ற சிறு இசைக் குறிப்பும் போதும். அடுத்த 1 கட்டத்தில் டிரம்மும் அடங்கி, குரலோ பியானோவோ மட்டும் மிதந்து வரட்டும். அதன்பின் 4 கட்டங்கள் முதல் எழுச்சி. பிறகு 2 கட்டங்கள் இளைப்பாறல். மீண்டும் 4 கட்டங்கள் இரண்டாம் எழுச்சி. இறுதி 2 கட்டங்கள் முடிவுரை. கூட்டிப் பாருங்கள், 15 சரியாக வரும். இது கல்லில் எழுதிய விதியன்று. ஆயினும் தொடங்குபவர்க்கு நல்ல அளவுகோல்.

முன்னுரையும் முடிவுரையும் ஏன் வெறும் டிரம் ஓசையாக இருக்க வேண்டும்? இவ்விசை, நடன அரங்கில் இசைத்தட்டுகளைத் தொடர்ச்சியாக ஒலிக்கச் செய்யும் டி.ஜே. ஒருவரின் கைக்குச் செல்வது. அவர் ஒரு தட்டு முடியுமுன்னே அடுத்த தட்டை அதன்மேல் இழைத்து ஓடவிடுவார். இரண்டு கட்டம் என்பது 48 வினாடி. இரு தட்டுகளையும் இணைக்க அவருக்கு அந்த நேரம் வேண்டும். இரண்டிலும் அடிநாதம் ஒலித்தால் ஒன்றையொன்று குழப்பும். எல்லாரும் 16இன் மடங்காக அமைத்தால் ஒரு தட்டின் திருப்பமும் மற்றதன் திருப்பமும் ஒரே இடத்தில் வந்து பொருந்தும். தன் படைப்பு மற்றவர் படைப்போடு கைகோத்து நிற்க வேண்டும் என்ற பண்பு இந்தக் கணக்கில் இருக்கிறது.

முதல் எழுச்சிக்கு 'டிராப்' என்று பெயர். அங்கேதான் பேஸ் முழு வலிமையோடு இறங்குகிறது. மேலே சொன்ன கணக்குப்படி அது வருவது 72 வினாடி கழித்து. அதுவரை அதனை வெளியிடாமல் காப்பதில்தான் வெற்றி இருக்கிறது. முன்னுரையிலேயே பேஸைக் கொட்டிவிட்டால், எழுச்சியில் கொடுக்க என்ன மிஞ்சும்? விருந்தில் பாயசத்தை முதலில் பரிமாறிவிட்டு, பிறகு விருந்தினர் முகத்தில் ஆவலைத் தேடுவது போலாகும். இரண்டாம் எழுச்சியோ முதலாவதன் நகலாக இருத்தலாகாது. பேஸின் சொற்றொடர் மாறலாம். கோத்த டிரம் நடை வேறாகலாம். முன்பு மிதந்த குரல் இப்போது டிரம்மோடு சேர்ந்து வரலாம். ஒன்று மாறினால் போதும். எல்லாம் மாறினால் அது வேறோர் உருப்படி ஆகிவிடும்.

இந்தப் பொறுமைக்குச் சிறந்த சான்றாக நான் காட்ட விரும்புவது, கோல்டி என்பவர் 1995இல் வெளியிட்ட 'டைம்லெஸ்' தொகுப்பின் தலைப்புப் படைப்பு. 21 நிமிடம் ஓடும் அதில் டயான் சார்லமேன் என்ற பாடகியின் குரல் எழுவதும், டிரம் வெள்ளம் பாய்வதும், எல்லாம் அடங்கி வெளி விரிவதும், மீண்டும் திரள்வதும் ஒரு நீண்ட பயணம்போல் அமைந்துள்ளன. அடுத்த இரண்டு ஆண்டில், பிரிஸ்டல் நகரத்து ரோனி சைஸும் அவர் குழுவினரும் அமைத்த 'நியூ ஃபார்ம்ஸ்' 1997ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசைப் பெற்றது. துணுக்குகளைச் சுழற்றும் பொறி இசை என்று ஒதுக்கப்பட்டது, பிரிட்டனின் பெரிய பரிசுகளுள் ஒன்றைப் பெறும் நிலைக்கு உயர்ந்தது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் கணினியில் இசை அமைப்பதை நான் அறிவேன். 8 ஆவர்த்தனத் துணுக்குகள் பலவற்றைச் சேர்த்து வைத்திருப்போர் உண்டு. முடிந்த உருப்படி ஒன்றேனும் காட்டுவோர் அரியர். காரணம் திறமைக் குறைவன்று. ஒரே துணுக்கை இருநூறு முறை சுழற்றிக் கேட்டால் செவி சலிக்கிறது. சலிப்பைப் போக்க மேலும் மேலும் ஓசைகளை அதன்மேல் அடுக்குகிறோம். துணுக்கு பருக்கிறது, ஆனால் ஓர் அடியும் நகரவில்லை. ஆகவே நான் சொல்லும் முறை இதுதான்: துணுக்கு நன்றாக அமைந்துவிட்டால் அதில் மேலும் எதையும் சேர்க்காதீர்கள். அதன் எல்லாப் பகுதிகளையும் 15 கட்டங்களுக்கும் முழுமையாகப் பரப்பிவிடுங்கள். பிறகு சிற்பி கல்லைச் செதுக்குவதுபோல ஒவ்வொரு கட்டத்திலும் எது வேண்டா என்று கேட்டு, அதனை நீக்கிக்கொண்டே வாருங்கள். ஒரே மாலையில் உருப்படியின் எலும்புக்கூடு நிமிர்ந்து நின்றுவிடும். அதன்பின் திருப்பங்களில் மட்டும் புதியன சேர்க்கலாம்.

இறுதியாக ஒன்று. அந்த 6 வினாடியைத் தந்தவர் என்ன ஆனார்? ஆயிரக்கணக்கான இசைப் பதிவுகளில் ஒலித்த வாசிப்புக்காகக் கிரிகரி கோல்மனுக்கு ஒரு காசும் உரிமைத்தொகை வரவில்லை. 2006இல் அவர் அட்லாண்டா நகரில் வீடற்றவராக இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கும் உரிமைத்தொகை கிட்டவில்லை. 2015இல் இவ்விசையின் அன்பர்கள் தாமே முன்வந்து ஏறத்தாழ 24,000 பவுன் திரட்டி அவருக்கு அளித்தனர். 2020இல் அவரும் மறைந்தார். செய்ந்நன்றி பெருமைதான், ஆனால் கோல்மனுக்கு அது காலம் கடந்த நன்றி.

வெட்டி எடுப்பவன் ஒன்றை மறத்தலாகாது. துணுக்கு நம் கைக்கு வரும்போது துணுக்காக வருகிறதே தவிர, அது பிறந்தது ஒரு முழு மனிதனின் கையில். அதனை எடுத்தால் அவன் பெயரைச் சொல்லுங்கள், உரிமை பெறுங்கள், உரிய பங்கைக் கொடுங்கள். பிறகு அதனைத் துணுக்காகவே சுழல விட்டுவிடாதீர்கள். ஒருவர் அன்று 6 வினாடியில் காட்டிய வழியை, 6 நிமிடம் நடந்து முடித்துக் காட்டுங்கள்.