கொல்லைப்புறத்துத் தாழை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தாழம்பூ வைத்துப் பின்னிய சடையோடு எடுத்த பழைய படம் நம் காலனியில் பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. பூவைத்தான் காணோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் தாழையும் ஒன்று. அது நாம் குடியேறிய இந்த ஒடிசா மண்ணுக்கும் உரியதே. கஞ்சாம் மாவட்டத்தின் வயலோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் வேலியாய் நிற்கிறது. அதன் பூவைச் செப்புக் கொப்பரையிலிட்டு வடித்தே கேவடா அத்தர் எடுக்கின்றனர்.

பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து ஒரு கன்றைக் கொணர்ந்து, குளியலறை நீர் ஓடும் கொல்லை மூலையில் நட்டேன். ஐந்தாம் ஆண்டில், மணத்துக்கு மாறாக அன்னாசி போன்றதொரு காய் வந்து நின்றது. என் மனைவியார் நகைத்தார். பிழை செடியினதன்று, என்னுடையது. தாழையில் ஆண் வேறு, பெண் வேறு. வெண்மஞ்சள் மடல் பொதிந்த மணப்பூ ஆண் தாழைக்கே உரியது. பெண் தாழை காய்க்கும். இளங்கன்றைப் பார்த்து இன்னது என்று அறிய இயலாது. ஆதலின், பூத்துக் கண்ட ஆண் தாழையின் பக்கக்கன்றையே கேட்டுப் பெறுங்கள். தாய்ச்செடி எவ்வினமோ கன்றும் அவ்வினமே. ஆணைத் ‘தாய்’ என்பது விந்தைதான். தோட்டக்காரர் வழக்கு அப்படி!

மழை தொடங்கியதும் நடுவது நன்று. இரண்டடிக் குழியில் மணலும் மக்கிய சாணமும் கலந்து, கன்றின் ஓலைகளைப் பாதியாய் நறுக்கி ஊன்றுங்கள். மண் என்றும் ஈரமாய் இருத்தல் வேண்டும். இளங்கன்றின் அடியில் நீர் தேங்கலாகாது. ஓலையின் இரு விளிம்பிலும் நடுநரம்பின் அடியிலும் முள் உண்டு. குழந்தைகள் ஓடும் வழியை விட்டு எட்டடி தள்ளியே வையுங்கள். பாம்பு வருமே என்பர். மணத்தை நாடி அது வருவதில்லை. அடர்ந்த புதரில் எலியும் தவளையும் தங்கினால் வரும். அடியோலைகளைக் கழித்துத் தூய்மையாய் வைத்தால் அச்சம் குறையும். சிவபூசைக்கு ஆகாது என்று பாட்டிமார் சொல்வர். கூந்தலுக்கும் துணிப்பெட்டிக்கும் ஆகாது என்று எவரும் சொன்னதில்லை.

கஞ்சாம் உழவர் ஒருவரிடம் பெற்ற இரண்டாம் கன்று நான்காம் ஆண்டு மழையில் பூத்தது. மடல் விரியத் தொடங்கும் விடியற்பொழுதில் கொய்தேன். வெயில் ஏறினால் மணம் குன்றிவிடும். அன்று எங்கள் வரிசை முழுவதும் மணத்தது. அடுத்த வீட்டு ஒடியா அம்மையார், ‘எங்கள் ஊர்ப் பூ ஆயிற்றே!’ என்று வேலியோரம் வந்து நின்றார். ‘எங்கள் ஊர்ப் பூவும் அதுதான்’ என்று ஒரு மடலைக் கொடுத்தேன்.

வரும் சித்திரையில் பணி ஓய்வு பெற்று இவ்வீட்டைக் காலி செய்கிறேன். பின் வருபவர் முள்ளுக்கு அஞ்சி வெட்டவும் கூடும்; அவரைக் குறை சொல்ல இயலாது. அடியில் ஐந்து பக்கக்கன்றுகள் நிற்கின்றன. வரும் ஞாயிறு காலை கொல்லைக் கதவு திறந்திருக்கும். ஆளுக்கு ஒரு சாக்கு கொண்டு வாருங்கள். மண்வெட்டி என்னிடம் இருக்கிறது.