எலி மருந்தைத் தேடும் முன் மூடியைத் தேடுவோம்

(நமது டிரஸ்டின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





மழை தொடங்கிவிட்டால் நம் பகுதியில் எல்லா வீட்டிலும் ஒரே புகார்தான். அரிசி டிரம்முக்குப் பின்னால் எலிப் புழுக்கை. வாஷிங் மெஷின் வயரைக் கடித்துவிட்டது. இரவெல்லாம் பரண் மேல் ஓட்டம். கால்வாயிலும் காலி மனையிலும் தண்ணீர் ஏறியதும், வளையில் இருந்தவை மேடு தேடி நம் வீட்டுக்குள் வருகின்றன. உடனே நாம் கடைக்குப் போய் எலி மருந்து வாங்குகிறோம். அந்த அவசரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில், நாம் விரட்டுகிற இந்தப் பிராணிக்கு நாம் பட்டிருக்கும் கடனைச் சொல்லிவிடுவோம். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைத் தெரியாதவர் நம்மில் இல்லை. 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் சானடோரியத்தால் வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு என்பதற்கு மேல் பெரிதாக வைத்தியம் இல்லை. 1950களின் தொடக்கத்தில்தான் ஐசோனியாசிட், பைரசினமைடு என்ற மருந்துகள் காசநோய்க் கிருமியை அடக்கும் என்று தெரிந்தது. அதை முதலில் காட்டிக் கொடுத்தவை ஆய்வகச் சுண்டெலிகள். அதன் பிறகே மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1956-இல் நம் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதை உலகுக்கு நிரூபித்தது. இன்றும் அரசு இலவசமாகத் தரும் காசநோய் மருந்துகளில் அந்த இரண்டும் உண்டு. நம் ஜமாஅத்திலும் அவற்றைச் சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஆய்வகத்தில் ஒரு சுண்டெலிக்கு மருந்து கொடுப்பதற்கே முன்கூட்டி நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். எடை பார்த்து, அளவு குறித்து, கொடுத்ததையெல்லாம் பதிவு செய்ய வேண்டும். நம் வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? குழந்தைகள் தவழும் தரையில், படுக்கும் அறையில், கணக்கில்லாமல் விஷத்தைத் தூவி வைக்கிறோம்.

2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே நடந்ததை மறக்க முடியுமா? ஓர் அடுக்குமாடி வீட்டில் எலித் தொல்லைக்காக, பூச்சி ஒழிப்பு நிறுவனத்தார் விஷ மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு ஏசியைப் போட்டுக்கொண்டு குடும்பம் உறங்கியது. சிறு குழந்தைகள் இருவர் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மருந்தை யாரும் வாயில் வைக்கவில்லை. சுவாசித்த காற்றே விஷமாகிவிட்டது.

கடையில் 'எலி மருந்து' என்ற ஒரே பெயரில் பலவகை விஷங்கள் விற்கின்றன. துத்தநாக பாஸ்பைடு, அலுமினிய பாஸ்பைடு ஆகியவை ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை ஈரலைக் கெடுக்கும். அதைத் தின்றவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பது போலவே தெரிவார். பிறகுதான் காமாலை காணும். இவற்றுக்கென்று தனியாக முறிமருந்து கிடையாது. அந்தப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததும் இதனால்தான். பிள்ளைகள் தெரியாமல் தின்றுவிட்டால் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று காத்திருக்காதீர்கள். கைவைத்தியம் பார்த்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

அதற்காக எலியை விட்டுவைக்கவும் முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பட்ட பாடு நமக்குத் தெரியும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு காயம் வழியாகவே எலிக்காய்ச்சலைத் தந்துவிடும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், தண்ணீரில் நடந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே போனால் ஆன்டிபயாடிக் மருந்தில் குணமாகும். விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது? நபி (ஸல்) அவர்கள் இரவில் பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்னார்கள். விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் சொன்னார்கள். எலி திரியை இழுத்து வீட்டையே எரித்துவிடக்கூடும் என்ற காரணத்தையும் சொன்னார்கள். புகாரியில் உள்ள இந்த வழிகாட்டுதலில் நமக்கு வேண்டியது முழுவதும் இருக்கிறது. எலிக்கு வேண்டியவை தீனியும் நுழைய ஓர் ஓட்டையும்தான். இரண்டையும் அடைத்துவிட்டால் அது தானாகப் போய்விடும்.

அரிசி, பருப்பை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ரமலானில் ஸஹர் முடிந்ததும் எச்சில் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். குர்பானிக் கழிவைப் பையில் கட்டிக் காலி மனையில் எறியாதீர்கள். மாநகராட்சி வண்டியில் கொடுங்கள். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும். கம்பிநாரைத் திணித்து சிமெண்ட் பூசுங்கள். பாத்ரூம் சாக்கடைக்கு ஜல்லடை போடுங்கள். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வந்தால் பொறி வையுங்கள். ஒரு துண்டு கருவாடோ தேங்காய்ச் சில்லோ போதும். தொல்லை தரும் எலியைக் கொல்ல மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆனால் கொல்வதையும் அழகிய முறையில் செய்ய வேண்டும் என்பது நபிமொழி. ஒட்டும் அட்டையில் சிக்கி நாள் முழுக்கத் துடிக்க விடுவதும், சுடுதண்ணீர் ஊற்றுவதும், பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வாலில் கயிறு கட்டி அடிப்பதும் நமக்குத் தகாது.

இன்றிரவு படுக்கும் முன் அடுக்களையை ஒரு சுற்றுப் பாருங்கள். திறந்திருக்கும் பாத்திரத்தை பிஸ்மில்லாஹ் சொல்லி மூடுங்கள். பழைய எலி மருந்து பாக்கெட் எங்காவது செருகிக் கிடந்தால், பிள்ளைகள் கைக்கு எட்டுவதற்கு முன் அதை அப்புறப்படுத்துங்கள். அல்லாஹ் நம் வீடுகளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.