வலிமையும் சூழலும்



இவ்வெள்ளி விழா மேடையில் நாம் எடுத்துக்கொண்டது ஒரு வேதியியல் பாடம். நாம் கலைப் பட்டதாரி, வேதியியல் கற்றோமல்லோம். எனினும், நம் சங்கத்தின் மாலை வகுப்பில் மேல்நிலை மாணவி ஒருத்தி எழுப்பிய வினா நம்மையும் நூலெடுக்க வைத்தது.

கரிம வேதியியலில் கருக்கவர் பொருள் என ஒன்று உண்டு. தன் எலெக்ட்ரான் இரட்டையை, எலெக்ட்ரான் குறைந்த கார்பனுக்கு ஈந்து பிணைப்பை உண்டாக்குவது அது. ஹாலைடு அயனிகள் இவ்வகையின. அவற்றின் வலிமை வரிசையில் அயோடைடு முதலிலும், புரோமைடும் குளோரைடும் அடுத்தும், ஃபுளூரைடு கடைசியிலும் நிற்கும் என மாணவர் மனப்பாடம் செய்வர். "சிற்றிடத்தில் மின்சுமை செறிந்துள்ள ஃபுளூரைடு ஏன் கடைசியில் நிற்கிறது?" என்பதே அம்மாணவியின் வினா. "கேள்வி வேண்டாம், எழுதிக்கொள்" என்பதே அவளுக்குப் பள்ளியில் கிடைத்த விடையாம்.

உண்மை விடை கரைப்பானில் இருக்கிறது. அவ்வரிசை நீர், மெத்தனால் போன்ற கரைப்பான்களுக்கு உரியது. அவற்றில் ஆக்சிஜனோடு பிணைந்த ஹைட்ரஜன் உண்டு. அம்மூலக்கூறுகள் சிறிய ஃபுளூரைடை ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகச் சூழ்ந்துகொள்கின்றன. அவ்வளையத்தைத் தளர்த்திய பின்னரே அது கார்பனை அணுக இயலும். பெரிய அயோடைடை அவை அவ்வளவு இறுகப் பற்றுவதில்லை. அதன் எலெக்ட்ரான் முகிலும் எளிதில் நெகிழும்.

டைமெத்தில் சல்பாக்சைடு, டைமெத்தில் ஃபார்மமைடு ஆகியவற்றில் அத்தகைய ஹைட்ரஜன் இல்லை. அவை நேரயனியைப் பற்றிக்கொண்டு, எதிரயனியை ஏறக்குறையத் தனியே விடுகின்றன. நீர் நீக்கிய அக்கரைப்பான்களில் வரிசை தலைகீழாகிறது. ஃபுளூரைடு முதலிடம் பெறுகிறது. மெத்தில் அயோடைடுடன் குளோரைடு வினைபுரியும் வேகம் மெத்தனாலில் 1 எனக் கொண்டால், டைமெத்தில் ஃபார்மமைடில் அது சுமார் 12 லட்சம்! அயனி அதுவே, மாறியது கரைப்பான் ஒன்றே.

ஆகவே இளைஞர்களே, வரிசையை மட்டும் மனனம் செய்யாதீர். எந்தக் கரைப்பான் என முதலில் பாருங்கள். தேர்விலும் அதுவே கைகொடுக்கும்.

நம் பிள்ளைகளைப் பின்வரிசையில் அமர்த்தி, "இயல்பிலேயே மந்தம்" என முடிவு கட்டுவோர் இன்றும் உளர். எந்தச் சூழலில் வைத்து அளந்தீர் என்று அவர்களைக் கேளுங்கள். ஆயினும் இவ்வுவமையை அளவுக்கு மேல் நீட்ட வேண்டா. அயனி தன் கரைப்பானைத் தானே மாற்றிக்கொள்ளாது. மனிதர் தம் சூழலை மாற்ற வல்லவர். 25 ஆண்டுகளாக நம் சங்கம் ஆற்றிவரும் பணி அதுவே. அம்மாணவியைப் போல் வினா எழுப்புங்கள். விடை தேட நாமும் உடன் வருவோம்.