நிழலில் நம் பங்கு எங்கே?

(மருங்காபுரியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மரத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். "பட்டா இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, இவரு மரத்தப் பத்திப் பேச வந்துட்டாரு" என்று பெரியவர் ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். மரம் சாதி பார்க்குமா என்பார்கள். மரம் பார்க்காது. அதை எந்தத் தெருவில் நடுவது, எப்போது வெட்டி ஏலம் விடுவது, அடியில் யார் துண்டை விரித்துப் படுப்பது என்று முடிவு பண்றவன் பார்க்கிறான். அதனால் இது நம்ம பேச்சு.

முதலில் அரசாங்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினார்கள். மாநிலத்தின் பசுமைப் பரப்பு சுமார் 23.7 விழுக்காடு, அதைப் பத்து ஆண்டுக்குள் 33 விழுக்காடாக ஆக்குவது என்று இலக்கு. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். வெயில் தாக்கிச் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். செத்தவனுக்கு வழி பண்ணியாச்சு. தார் ரோடு போடுறவன், கொத்து வேலை பார்க்கிறவன், குப்பை அள்ளுறவன் சாகாமல் இருக்க நிழல் எங்கே என்றால் அதற்குத்தான் அந்த 33 விழுக்காடு என்கிறார்கள். அந்த 33 யார் தெருவில் வரும்? மொத்தக் கணக்கில் அது தெரியாது. பத்துப் பேர் பந்தியில் ரெண்டு பேருக்கு இலையே போடாமல், மொத்தச் சோற்றைப் பத்தால் வகுத்துச் சராசரி சொல்கிற கணக்கு அது.

இந்தப் பசுமைக் கதையை நாம முன்னாடியே ஒரு தடவை பார்த்திருக்கிறோம். 1981இலிருந்து ஸ்வீடன் நாட்டு உதவிப் பணத்தோடு சமூகக் காடுகள் திட்டம் வந்தது. ஏரி, கண்மாய் உள்வாயில் எல்லாம் கருவேலங்கன்று நட்டார்கள். அந்த உள்வாய் அதுவரைக்கும் யாருக்கு ஆதாரம்? காணி நிலம் இல்லாதவனுக்கு. ஆடு மேய்க்க, சுள்ளி பொறுக்க, கோரை அறுக்க நமக்கு இருந்தது பொறம்போக்கு மட்டும்தான். கன்று நட்டதும் "ஆட்டை ஓட்டிக்கிட்டு வராதே" என்றார்கள். மரம் வளர்ந்ததும் ஏலம். பணத்தில் வனத்துறைக்கு ஒரு பங்கு, பஞ்சாயத்துக்கு ஒரு பங்கு. பஞ்சாயத்து யார் கையில் இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? குழி வெட்டினது, தண்ணி சுமந்தது, அறுத்து லாரியில் ஏற்றியது நம்ம ஆட்கள். பெயர் மட்டும் 'சமூக'க் காடு. எந்தச் சமூகம்?

இப்போது அதே கதை நகரத்துக்குப் போயிருக்கிறது. இங்கிருந்து எத்தனை பேர் மதுரை ரோட்டில் பஸ் ஏறித் திருச்சிக்குச் சித்தாள் வேலைக்குப் போறீங்க! அங்கே பாருங்கள். சோழர் காலத்தில் வெட்டிய உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரத்துக்குள்ளே ஓடுகிறது. வெள்ளாமைக்கு வெட்டிய வாய்க்காலில் ஊர்ச் சாக்கடையைக் கலந்துவிட்டு, கரையில் காலாற நடக்கப் பாதை போட்டிருக்கிறார்கள். திருவரங்கத்துக்கு மேற்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், 2015இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். சுமார் 27 ஏக்கர், டிக்கெட் வாங்கினால் உள்ளே போகலாம். நான் வண்ணத்துப்பூச்சிக்கு எதிரி இல்லை. ஆனால் அரியமங்கலம் என்று இன்னொரு இடமும் திருச்சியில்தான் இருக்கிறது. 47 ஏக்கருக்குப் பல பத்தாண்டுகளாக மொத்த நகரத்தின் குப்பையையும் அங்கேதான் கொட்டினார்கள். தீப்பிடித்துப் புகைந்த நாட்களில் அந்தப் புகையை யார் குடித்தார்கள்? குப்பையை அள்ளிக்கொண்டு போனவன் எந்தச் சாதி, பக்கத்தில் குடியிருந்தவன் எவ்வளவு ஏழை என்று போய்ப் பார்த்தால் தெரியும். பூங்காவுக்கு ஒரு திசை, குப்பைக்கு ஒரு திசை. ஊர்-சேரி வரைபடத்தை நகரம் அழிக்கவில்லை, பெரிசாக்கி வரைந்திருக்கிறது.

சென்னையில் இது இன்னும் பச்சையாக நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றை மீட்கிறோம், வெள்ளத்திலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறோம் என்று அடையாறு, கூவம் கரையில் இருந்த குடிசைகளைப் பெயர்த்தார்கள். எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? ஏராளமானவர்களைப் பெரும்பாக்கத்துக்கு. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. 2015 வெள்ளத்தில் அதுவே தண்ணீரில் நின்றது. வெள்ளத்துக்குப் பயந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளக்காட்டில் குடிவைத்த புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல! பாத்திரம் தேய்க்கிற வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால், பிள்ளை படித்த பள்ளிக்கூடமும் அங்கேயே. அதே பள்ளிக்கரணையை 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவித்தார்கள், நல்ல காரியம். ஆனால் அந்தச் சதுப்பைத் தின்று எழுந்த கண்ணாடிக் கட்டிடங்களை யாரும் பெயர்க்கவில்லை. ஆக்கிரமிப்பு என்ற சொல் குடிசைக்கு மட்டும்தான் பொருந்துகிறது. 2022 மே மாதம் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகரை இடித்தபோது அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்துச் செத்தார். நீர்நிலையைக் காப்பாற்றுகிற கணக்கில் அந்த உயிரை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

சுற்றுச்சூழல் பேசும் நண்பர்கள் சிலரோடு எனக்கு இதில்தான் சண்டை. ஆறு பிழைக்கணும் என்பதில் எனக்கு மாறுபாடு கிடையாது. ஆற்றங்கரையில் கடைசியாக வந்து ஒண்டியவனை முதலில் தூக்குவதும், முதலில் வந்து ஆற்றையே மறித்தவனிடம் அபராதம் வாங்கி வரைமுறைப்படுத்துவதும் எந்த ஊர் நியாயம் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் 1930களில் அரசாங்க நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பர்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்து, இங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்றது. 2020இல் 108 நகரங்களை எடுத்துச் சிலர் ஆராய்ந்தார்கள். அன்று சிவப்பாகக் குறித்த பகுதிகள், நல்ல பகுதி என்று குறித்தவற்றைவிட இன்றும் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடு. கடன் இல்லாத இடத்தில் முதலீடு இல்லை, மரம் இல்லை, பூங்கா இல்லை. மலிவான நிலம் என்று நெடுஞ்சாலையும் கிடங்கும் வந்து விழுந்தன. மை காய்ந்து தொண்ணூறு வருஷம் ஆகியும் வெயில் காயவில்லை.

நம்ம ஊரில் சிவப்பு மை தேவைப்படவில்லை, மனுநீதி போதுமாக இருந்தது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரவேற்கிறேன். பேர் போகட்டும், இடம்? ஏரிக் கலிங்கு பக்கத்தில், மழை பெய்தால் முதலில் முழுகும் பள்ளத்தில், மூணு சென்டில், கான்கிரீட் கூரைக்குக் கீழே ஒற்றை அறை. பகலெல்லாம் குடித்த சூட்டை அந்தக் கூரை ராத்திரியெல்லாம் கக்குது. வாசலில் ஒரு வேம்பு நிற்க இடம் விட்டார்களா?

ரெட்டமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை நினைவுபடுத்துகிறேன். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம், மக்கள் கூடும் பொது இடங்கள், எல்லாம் எல்லோருக்கும் என்றது அது. பாபாசாகேப் 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியதும் நகராட்சி ஏற்கெனவே திறந்துவிட்டதாகச் சொன்ன குளத்தில்தான். ஏட்டில் திறந்திருந்தது, ஊரில் மூடியிருந்தது. நூறு வருஷம் கழிச்சு, பக்கத்து மாவட்டத்தில், வேங்கைவயலில், 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம். ஆகவே பூங்காவைத் திறந்துவிட்டோம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று போர்டு மாட்டுவதை நாம் பங்கு என்று ஒத்துக்கொள்ள முடியாது.

சரி, செய்ய வேண்டியது என்ன? மார்ச் 22 தண்ணீர் தினத்துக்குக் கிராமசபை கூடுகிறது. நவம்பர் 1லும் கூடுகிறது, நகரத்தில் அன்றைக்குப் பகுதி சபை. அதில் எத்தனை மரம் நட்டீங்க என்று கேட்காதீங்க, எந்தத் தெருவில் நட்டீங்க என்று தெருவாரியாகக் கணக்குக் கேளுங்க. பொறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒன்று இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியாது. ஏரிக்கரைப் புளிக்கும் பனைக்கும் அதை நம் பெண்கள் பேரில் கேட்டு மனுப் போடுங்க. இந்த மாநிலத்தில் பட்டியல் சாதியார் 2011 கணக்குப்படி நூற்றுக்கு இருபது பேர். நம் தொகைக்கேற்ப நிதி ஒதுக்க 2024இல் தனிச்சட்டமே வந்திருக்கிறது. பசுமைக்கும் குளம் தூர்வாரவும் வரும் பணத்தில் அந்தச் சட்டப்படி நம் பங்கு எவ்வளவு, எதில் செலவாச்சு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்தான் கட்டணம்.

பட்டாதான் முதலில் வேணும் என்றாரே பெரியவர், அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. பட்டா இல்லாத இடத்தில் நட்ட மரம் எவனுக்கோ விறகு. ரெண்டையும் ஒரே மனுவில் எழுதுவோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் கூட்டம் முடிந்ததும் இங்கேயே நில்லுங்க. உங்க தெருவில் எத்தனை வீடு, எத்தனை மரம், எந்த வீட்டுக்குப் பட்டா இல்லை என்று நோட்டுப் போட்டு இன்றைக்கே எண்ணத் தொடங்கலாம்.