ஜானகியம்மாள் காத்த படம்



பத்தாண்டுகட்கு முன்னர் இம்மன்றம் கூட்டிய முதற் கவியரங்கில் கணிதமேதை இராமானுசனைப் பாடினேன். கும்பகோணம் வந்தது; கேம்பிரிட்ஜ் வந்தது; நாமக்கல் நாமகிரித் தாயாரும் எழுந்தருளினார். அவர்தம் மனைவி ஜானகியம்மாள் மட்டும் ஓர் அடியிலேனும் வரவில்லை. நீங்களும் கைதட்டினீர்கள்! அந்தக் கடனை இன்று உரைநடையில் அடைக்க வந்துள்ளேன்.

இராமானுசன் என்றதும் நம் மனக்கண்ணில் எழும் முகம் ஒரு சிறிய கடவுச்சீட்டுப் படம். 1919ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நோயின் சாயல் படிந்தும் கண்ணின் கூர்மை குன்றாதது. 1936இல் வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் தாயகம் வந்தபோது, இராமானுசனின் நல்ல படமொன்று தேடித்தருமாறு பேராசிரியர் ஹார்டி கேட்டிருந்தார். சந்திரசேகர் ஜானகியம்மாளைக் கண்டு வினவ, அவரிடம் இருந்தது அந்தக் கடவுச்சீட்டு. ஹார்டியின் 1940ஆம் ஆண்டு நூலில் அப்படம் இடம்பெற்றது. அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் பின்னாளில் வடித்த வெண்கல மார்பளவுச் சிலைக்கும் அதுவே மூலம். பதினாறு ஆண்டுகள் அதனைக் காத்து வைத்திருந்தவரை எத்தனை பேர் நினைத்தோம்?

1909இல் மணம் நிகழ்ந்தபோது அவருக்கு வயது பத்து. 1914இல் கணவர் கப்பலேறினார். குடும்பப் பூசலில் மனைவி எழுதிய கடிதங்கள் கணவரை எட்டாமற் போயின. 1919 மார்ச்சில் நாடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் மறைந்தார். அந்த ஓராண்டில் இருவரும் மீண்டும் சேர்ந்து வாழ்ந்தனர். அதுவும் நோயாளியின் படுக்கையருகே: வேளை தவறாமல் சோறு, எலுமிச்சைச் சாறு, மோர், கால்களுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம். இருபத்தொரு வயதில் கைம்மை.

அதன்பின் எழுபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். நம் கவிதைகள் கைவிடும் காலம் இதுதான். பம்பாயில் தமையனார் இல்லத்தில் தங்கித் தையலும் ஆங்கிலமும் கற்றார். சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் தையற்பொறியால் வாழ்ந்தார். பெண்களுக்கும் கற்றுத் தந்தார். பல்கலைக்கழகம் தந்த சிறு உதவித்தொகை ஒருபுறம் இருக்க, உழைத்தே உண்டார். தாயை இழந்த சிறுவன் ஒருவனை மகனாக ஏற்று வளர்த்து ஆளாக்கினார். கணவருக்கு வைப்பதாகச் சொன்ன சிலை எங்கே என முதுமையில் அவர் கேட்டது அச்சேறியது. பல நாட்டுக் கணித அறிஞர்கள் பொருள் திரட்டினர்; சிலைகளுள் ஒன்று அவர் இல்லம் வந்தது. அவர் காத்த படம், வெண்கலமாகி அவரிடமே மீண்டது! 1994இல் மறைந்தார்.

இன்னொன்று. ஒத்தடத்திற்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை முதுமை வரையிலும் அவர் வைத்திருந்தார்.

அடுத்த கவியரங்கிற்கு அவ்விரு பாத்திரங்களையே தலைப்பாகத் தருமாறு செயலாளரை வேண்டுகிறேன். என் பாடலின் முதல் அடியை எழுதிவிட்டேன். இரண்டாவது அடி இன்னும் வரவில்லை.