கஞ்சில் போனது, அக்சியா வந்தது: பின்சீட்டில் உட்காரப் போவது யார்?

(பழைய மாடல், புதிய மாடல் – குடும்பத்துக்கு ஏற்றது எது? என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பழைய காடி நல்லதா, புதிய காடி நல்லதா என்று கோலாலம்பூரில் நின்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். சிம்பாங் பூலாயில் நின்று கேட்டால்தான் தொண்டையில் சிக்கும்.

சிம்பாங் என்றால் சந்தி. ஈப்போவிலிருந்து கோப்பேங் போகும் பழைய சாலை ஒரு பக்கம், வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் டோல் ஒரு பக்கம், கேமரன் மலைக்கு ஏறும் சாலை இன்னொரு பக்கம். சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். குன்றைக் குடைந்து கல் எடுக்கிறார்கள். கல்லை ஏற்றிய லாரிகள் சாலைக்கு வருகின்றன. மலையிலிருந்து காய்கறி லாரிகள் இறங்குகின்றன. இவற்றுக்கு நடுவில்தான் நம்மவர்களின் சின்னக் காடிகளும் ஓடுகின்றன.

இந்த வட்டாரத்து மக்களுக்குக் காடி ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பத்து காஜா, கோப்பேங் பக்கத்துத் தோட்டங்களில் வேலை, வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, மளிகைக்கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தோட்டமே போய் வீடமைப்புப் பகுதி வந்தது. லாயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன குடும்பத்துக்கு வேலை ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், ஈப்போ பெரிய மருத்துவமனை இன்னொரு பக்கம் என்று ஆகிவிட்டது. பேருந்தை நம்பி ஷிப்ட் வேலைக்குப் போக முடியாது. முதலில் வந்தது மோட்டார் சைக்கிள். அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் அம்மா, அம்மா மடியில் இன்னொரு பிள்ளை. மழை வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்க வேண்டும்.

அந்தக் குடும்பத்துக்கு 1994-இல் வந்ததுதான் பெரோடுவா கஞ்சில். ஜப்பானின் டைஹாட்சு மீராவை அடிப்படையாகக் கொண்ட சின்னக் கார். முதலில் 660 சிசி, பிறகு 850 சிசி. கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் புலியையும் முதலையையும் புத்தியால் ஏமாற்றித் தப்பிக்கும் குட்டி விலங்கு. லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்த அந்தக் காருக்குப் பொருத்தமான பெயர்தான். 2009-இல் உற்பத்தி நின்றபோது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட கஞ்சில்கள் வெளிவந்திருந்தன.

கஞ்சிலை இப்போதைய காருடன் ஒப்பிட்டு, தகர டப்பா, நசுங்கிப் போகும் என்று சிரிப்பவர்கள் உண்டு. தகரம் மெல்லியது என்பது உண்மை. ஆனால் கஞ்சில் வந்தபோது பல வீடுகளில் அது இன்னொரு காரின் இடத்துக்கு வரவில்லை, மோட்டார் சைக்கிளின் இடத்துக்கு வந்தது. இந்த நாட்டுச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆகவே அந்த நாளில் கஞ்சில் வாங்கிய தகப்பன் பிள்ளைகளை மழையிலிருந்து மட்டும் காப்பாற்றவில்லை. இந்தப் பெருமையை அந்த வண்டிக்குக் கொடுத்த பிறகுதான் அதன் குறைகளைப் பேசுவது நியாயம்.

2007 மே மாதம் விவா வந்தது. கஞ்சில், கெலிசா இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாரிசு. 660, 850, 1000 சிசி என மூன்று எஞ்சின்கள். உயரமான கூரை, அகலத் திறக்கும் கதவு. முழங்கால் வலிக்கும் பாட்டிமார் குனியாமல் ஏறலாம். காற்றுப் பை மட்டும் எல்லா ரகத்திலும் கிடைக்கவில்லை. 2014 செப்டம்பரில் விவாவின் இடத்துக்கு அக்சியா வந்தது. 998 சிசி. ஆகக் குறைந்த ரகத்தின் விலை 25,000 வெள்ளிக்கும் குறைவு. அந்த ஆகக் குறைந்த ரகத்திலும் முன்னால் இரண்டு காற்றுப் பைகள் இருந்தன. பணம் உள்ளவன் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு, இல்லாதவன் பிள்ளைக்கு வேறு என்ற வழக்கம் அந்த ஒரு விஷயத்திலாவது அன்று முடிவுக்கு வந்தது. ஷோரூமில் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. என்ன நிறம் இருக்கிறது, ரேடியோ தொடுதிரையா என்றுதான் கேட்டார்கள்.

பழையதையும் புதியதையும் மலைச் சாலையில் வைத்துப் பார்ப்போம். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வரை ஏறும் சாலை 2000-களின் தொடக்கத்தில் வந்தது. தாப்பா வழியாகப் போகும் பழைய சாலையைவிட அகலம், வளைவும் குறைவு. மழைக்காலத்தில் மண் சரியும். மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். எஞ்சினுக்கு மூச்சு முட்டும் என்று சொல்வது இதைத்தான். கார்புரேட்டர் வைத்த கஞ்சிலுக்குக் காற்று குறைந்தது தெரியாது, கீழே ஊற்றிய அளவில்தான் பெட்ரோலை ஊற்றும். எரியாத பெட்ரோல் கரும்புகையாகப் போகும், இழுவை போகும். நான்கு பேரும் இரண்டு மூட்டைத் துணியும் இருந்தால் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும். ஏர்கோனை அடைத்தால்தான் ஏறும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். ரேடியேட்டருக்கு ஒரு பாட்டில் தண்ணீர் காலடியில் இருக்கும்.

அக்சியாவில் பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைக்கும். ஏற்றத்தில் அலறினாலும் நிற்காது. ஏற்றத்தில் புதியதற்குத்தான் மதிப்பெண். இறக்கத்தில் எந்த மாடலும் ஓட்டுநரை நம்பித்தான் இருக்கிறது. கஞ்சிலில் வேறு வழியில்லாமல் இரண்டாம் கியரில் இறங்கினார்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஆட்டோ கியருக்கு மாறிய பிள்ளைகள் ‘டி’யிலேயே விட்டுவிட்டு அடிவாரம் வரை பிரேக்கை மிதிக்கிறார்கள். பிரேக் சூடேறினால் புதிய காரும் பிடிக்காது. ஆட்டோவிலும் கீழ் கியர் உண்டு. கையேட்டில் எழுதியிருக்கிறது, படிப்பவர்தான் குறைவு.

பழுது பார்ப்பதில் பழையது ஜெயிக்கும். கஞ்சிலை ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் வைத்து மரத்தடியில் பிரித்துப் போடலாம். “அண்ணே, கார்புரேட்டர் அடைச்சிருக்கு, சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க” என்பார் பட்டறைக்காரர். அன்றைக்கே வண்டி வீட்டுக்கு வந்துவிடும். பழைய உதிரிபாகக் கடையில் பாதி விலைக்குக் கதவே கிடைக்கும். புதிய காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் கணினியை மாட்டிப் பார்க்க வேண்டும். எந்த சென்சார் என்று அது சொன்ன பிறகுதான் கை வைக்க முடியும். கஞ்சிலில் டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றாமல் விட்டால் வழியில் அறுந்துவிடும், அக்சியாவில் சங்கிலி என்பதால் அந்தக் கவலை இல்லை. சாலை வரியில் வித்தியாசமே இல்லை. 1,000 சிசிக்குள் இருப்பதால் இரண்டுக்கும் ஆண்டுக்கு 20 வெள்ளி.

இனி, மோதினால் என்ன ஆகும் என்பது. தென்கிழக்கு ஆசியாவுக்கான கார் மோதல் சோதனைத் திட்டம், ஆசியான் என்கேப், 2011-இல்தான் தொடங்கியது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முன்பக்கத்தில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பகுதியைத் தடுப்பில் மோதவிடுகிறார்கள். உள்ளே பொம்மை மனிதர்கள். 2014 அக்சியா இதில் 4 நட்சத்திரம் வாங்கியது. கஞ்சில் அதற்கு முன்பே நின்றுவிட்டதால் அந்தச் சோதனைக்குப் போகவே இல்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே அளவுள்ள இந்தியாவின் மாருதி ஆல்டோ 800, காற்றுப் பை இல்லாமல் 2014-இல் அதே வேகத்தில் மோதவிடப்பட்டது. பெரியவர் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்யம். கூடு நின்றால்தான் பெல்ட்டுக்கும் பைக்கும் வேலை. கூடே மடிந்தால் ஸ்டியரிங் நெஞ்சுக்கு வருகிறது.

சுமார் 700 கிலோ எடையுள்ள கஞ்சில், பல டன் கல்லேற்றிய லாரிக்குப் பின்னால் நிற்கிறது. பின்னால் இன்னொரு லாரி வருகிறது. முன் சீட்டில் இருப்பவரைப் பற்றியாவது விளம்பரத்தில் பேசுகிறார்கள். கஞ்சிலின் பின்சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே ஒரு பள்ளிப் பை வைக்கும் இடம்தான் உண்டு. அந்தச் சீட்டில்தான் பிள்ளைகள் உட்காருகிறார்கள். 2009 ஜனவரி முதல் பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். 2020-இல் குழந்தை இருக்கையும் கட்டாயமாக்கப்பட்டது. அக்சியாவில் குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்கு உலோகக் கொக்கிகள் இருக்கின்றன. கஞ்சிலில் அம்மாவின் மடிதான். கஞ்சில் மீது எவ்வளவு பாசம் இருந்தாலும், இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதில் நெடுஞ்சாலைக்குப் போவதை இனி நியாயப்படுத்த முடியாது. சந்தைக்கும் கோயிலுக்கும் தாத்தா தனியாக ஓட்டிப் போகட்டும், அதில் தவறில்லை.

அப்படியானால் புதியதை வாங்கிவிடலாமா? இங்கேதான் கணக்குப் போட வேண்டும்.

2023 பிப்ரவரியில் அக்சியாவின் இரண்டாம் தலைமுறை வந்தது. சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 70 மில்லிமீட்டர் கூடியது. பழைய நான்கு கியர் ஆட்டோவுக்குப் பதில் சிவிடி. விலை கூடிய ரகங்களில் மோதலுக்கு முன் தானே பிரேக் பிடிக்கும் கருவி. ஆரம்ப விலை 38,600 வெள்ளி. அதே ஆண்டு அதே நிறுவனம், முந்தைய தலைமுறை உடலிலேயே, கை கியருடன், வசதிகளைக் குறைத்து, ‘அக்சியா ஈ’ என்று 22,000 வெள்ளிக்கு விற்பனைக்கு விட்டது. புதியது வந்தால் பழையது ஒதுங்கும் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே ஷோரூமில் நின்றன. விற்பவருக்கே தெரிந்திருக்கிறது, 38,600 வெள்ளியை எல்லாராலும் எட்ட முடியாது என்று.

இரண்டு விலையும் காப்புறுதி நீங்கலாக. பத்தில் ஒரு பங்கு முன்பணம், ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு மாறாத வட்டி என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய அக்சியாவை 9 ஆண்டுக் கடனில் எடுத்தால் வட்டி மட்டும் சுமார் 10,900 வெள்ளி, மாதத் தவணை 423. பழைய உடலுள்ள 22,000 வெள்ளி வண்டியை 5 ஆண்டுக் கடனில் எடுத்தால் வட்டி சுமார் 3,500, மாதத் தவணை 388. மாதம் கட்டுவதில் 35 வெள்ளிதான் வித்தியாசம். ஆனால் ஒருவர் கடனை முடித்துவிட்டுக் கைவீசி நடக்கும்போது, மற்றவருக்கு இன்னும் 48 தவணை பாக்கி.

ஒன்பது ஆண்டு என்பது சாதாரணமல்ல. ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை இடைநிலைப் பள்ளி மூன்றாம் படிவம் வரை போய்விடும். அதற்குள் ஓவர்டைம் நின்று போகலாம், வேலையே போகலாம். தவணை நின்றால் காரை இழுத்துப் போவார்கள். இழுத்துப் போன பிறகு குடும்பம் மறுபடி ஏறுவது மோட்டார் சைக்கிளில். பாதுகாப்பான கார் என்று வாங்கியது, கடைசியில் ஆகப் பாதுகாப்பில்லாத வண்டிக்குக் கொண்டுபோய் விடுகிறது. கார் விமர்சனம் எழுதும் பத்திரிகைகள் இந்தச் சோதனையை நடத்துவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. 2014-க்குப் பிறகு வந்த முதல் தலைமுறை அக்சியா, பழைய கார் சந்தையில் நிறையக் கிடைக்கிறது. காற்றுப் பை இருக்கிறது, கூடு சோதிக்கப்பட்டது, ஈப்போவில் எந்தப் பட்டறையிலும் அதைத் தெரியும். வருமானம் நிலையில்லாத குடும்பத்துக்கு இதுவே சரி. புதுக் காரின் பிளாஸ்டிக் வாசனை இருக்காது. மாப்பிள்ளை வீட்டார் மதிக்க மாட்டார்கள் என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மாப்பிள்ளை வீட்டார் தவணை கட்ட வருவதில்லை.

அப்படி வாங்கப் போகிறவர்கள் தனியாகப் போக வேண்டாம். வீட்டில் வழக்கமாக யார் ஏறுவார்களோ அவர்களை ஏற்றிக்கொண்டு போகட்டும். பானெட்டைத் திறப்பதற்கு முன் பின்கதவைத் திறந்து, பின்சீட்டு பெல்ட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டிப் பார்க்கட்டும். காற்றுப் பை விளக்கு சாவியைத் திருப்பியதும் எரிந்து அணைகிறதா என்று பார்க்கட்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம், பை ஏற்கெனவே ஒரு விபத்தில் வெடித்திருக்கலாம். பிறகு நான்கு பேருடன் மலைச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஏறி, கீழ் கியரில் இறங்கி வரட்டும். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். ஈப்போவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.