மூணு சர்வர், ஒரே பதிவேடு

(மறைமலைநகரில் இ-சேவை மையப் பணியாளர்கள், பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“சர்வர் டவுன், நாளைக்கு வாங்க.” இதைக் கேட்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்த ‘நாளைக்கு’ என்பது ஒரு நாள் கூலி. கவுன்சலிங்குக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்படும் பிள்ளைக்கு ஒரு வருஷமே போய்விடலாம். சர்வர் ஒன்று படுத்தாலும் சேவை நிற்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு கிளஸ்டர் என்று பெயர்.

கிராமக் கணக்கு ஒரே நோட்டில் இருந்தால், கரையான் அரித்த அன்றைக்குக் கதை முடிந்தது. கிளஸ்டரில் ஒரே பதிவேட்டை மூன்று சர்வர்கள் வைத்திருக்கும். ஒன்றில் எழுதியது மற்ற இரண்டுக்கும் உடனே போய்ச் சேரும். மரியாடிபி, அதனுடன் இயங்கும் கலேரா ஆகியவை இதற்கான திறமூல மென்பொருள்கள். காசு கிடையாது, யாரும் இறக்கிப் பழகலாம்.

இரண்டு போதாதா, ஏன் மூன்று? நல்ல கேள்வி. இரண்டுக்கும் நடுவே கேபிள் அறுந்தால், ‘அது செத்துப்போச்சு’ என்று ஒன்றை ஒன்று நினைக்கும். இரண்டும் தனித்தனியே எழுத ஆரம்பித்தால் ஒரே நிலம் இரண்டு பேர் பெயரில் ஏறிவிடும். மூன்று இருந்தால் இரண்டு பேர் சொல்வது செல்லும். தனியாக மாட்டிய சர்வர் தானே வாயை மூடிக்கொள்ளும். 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்துக்கு அமெரிக்காவின் கிழக்குக் கரையில், இணைப்பு மையத்துக்கும் முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையே 43 விநாடி இணைப்பு போனது. கிழக்கு, மேற்கு என இரண்டு கரைகளிலும் வேறு வேறு பதிவுகள் சேர்ந்துவிட்டன. சரிசெய்ய ஒரு நாளுக்கு மேல் ஆனது. வெறும் 43 விநாடி!

நிறுவுவது பெரிய வித்தை இல்லை. மூன்று லினக்ஸ் சர்வரிலும் ஒரே பதிப்பைப் போடணும். ஒவ்வொன்றின் அமைப்புக் கோப்பிலும் மூன்று பேரின் முகவரியும் இருக்கணும். ஃபயர்வாலில் 3306, 4567, 4568, 4444 ஆகிய போர்ட்டுகளை அந்த மூன்றுக்குள் மட்டும் திறக்கணும். ஊருக்கே திறந்துவிடக் கூடாது. முதல் சர்வரை மட்டும் ‘புதிய கிளஸ்டர்’ என்று சொல்லித் தொடங்கணும். மற்ற இரண்டையும் சாதாரணமாகத் தொடங்கினால் போதும், தரவைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். கிளஸ்டர் அளவு 3 என்று காட்டினால் வேலை முடிந்தது.

நிர்வாகம்தான் கஷ்டம். 2016 டிசம்பர் வர்தா புயலில் இந்தப் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்தது ஞாபகம் இருக்கும். அப்படி மூன்றும் ஒரேயடியாக நின்றால், கடைசிப் பதிவு எதில் இருக்கிறதோ அதைத்தான் முதலில் எழுப்பணும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கோப்பு அந்த வரிசை எண்ணை வைத்திருக்கும். எண் -1 என்று இருந்தால், சர்வர் ஒழுங்காக நிற்கவில்லை என்று அர்த்தம். மீட்புக் கட்டளை கொடுத்து உண்மையான எண்ணை எடுக்கணும். அவசரத்தில் பழைய சர்வரை முதலில் எழுப்பினால், கடைசியாக வந்த விண்ணப்பங்கள் காணாமல் போகும்.

இன்னொன்று. கிளஸ்டர் இருக்கிறது, பேக்கப் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஒருவர் தப்பாக ஒரு அட்டவணையை அழித்தால், மூன்று சர்வரும் கீழ்ப்படிந்து அழித்துவிடும். தென்கொரியாவின் தேஜானில் 2025 செப்டம்பரில் அரசுத் தரவு மையம் ஒன்று பேட்டரியால் தீப்பிடித்தது. 709 அரசுச் சேவை அமைப்புகள் நின்றன. வெளியே நகல் இல்லாத ஒரு சேமிப்பகத்தில் 858 டெராபைட் கோப்புகள் போயே போச்சு. நகல் வேறு ஊரில் இருக்கணும். மாதம் ஒருமுறையாவது அதைத் திறந்து பார்க்கணும்.

சரி, போனை வைத்திருக்கும் உங்களுக்கு இதில் என்ன? பணம் கட்டும்போது திரை சுற்றிக்கொண்டே நின்றால், உடனே மறுபடி கட்டாதீங்க. ஒரு பதிவு முழுசாக ஏறும், இல்லையென்றால் ஏறவே ஏறாது, பாதியில் நிற்காது. ஆனால் பணம் போவது வங்கி சர்வரில், விண்ணப்பம் ஏறுவது வேறு சர்வரில். அதனால் கொஞ்சம் பொறுத்து, விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்க. எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. சான்றிதழ் வந்த அன்றைக்கே பிடிஎஃப்-ஐ இறக்கி, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிடுங்க.

கேள்வி இருந்தால் கேளுங்க.